கூப்பிட்ட குரலுக்கு

"போன்தான் கையில் இருக்கிறதே, எடுத்தால் என்ன?"

ஒரே ஒரு வரி. ஆனால் இன்று நம் நாட்டில் இதைச் சொல்லாத வாய் இல்லை. இதைக் கேட்டுத் தலைகுனியாத ஆளும் இல்லை. அலுவலகத்து மேலாளர் சொல்கிறார், இரவு பத்தரை மணிக்கு. ஊரிலிருக்கும் தந்தை சொல்கிறார், சென்னையில் வேலை பார்க்கும் மகளிடம். கணவன் மனைவியிடம் சொல்கிறான். கடன் கொடுத்தவன் கடன்பட்டவனிடம் சொல்கிறான். கட்சித் தலைவர் கிளைச் செயலாளரிடம் சொல்கிறார். தாம் சொல்வது ஒரு கருத்து, அதை மறுத்துரைக்கவும் இடமுண்டு என்ற எண்ணம் சொல்லுகிற எவருக்கும் எழுவதே இல்லை. தீர்ப்பு வழங்குகிற தோரணையிலேதான் கேட்கிறார்கள்.

கேட்கப்படுகிறவர் நிலையோ குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் நிலை. "சார்ஜ் தீர்ந்துவிட்டது", "சைலண்டில் போட்டிருந்தேன்", "வண்டியில் வந்துகொண்டிருந்தேன்", "குளித்துக்கொண்டிருந்தேன்"... எத்தனை எத்தனை வாக்குமூலங்கள்! ஒரு நாளில் நம் மக்கள் எத்தனை முறை குளிக்கிறார்கள் என்று இந்த வாக்குமூலங்களைக் கொண்டு கணக்கெடுத்தால், காவிரியே வற்றிப் போயிருக்க வேண்டும்! "ஓய்விலிருந்தேன், பேச விருப்பமில்லை, அதனால் எடுக்கவில்லை" என்ற மெய்யை மட்டும் ஒருவரும் சொல்வதில்லை. சொன்னால் அது திமிர். பொய் சொன்னால் அது பண்பாடு! மெய் குற்றமாகவும் பொய் மரியாதையாகவும் மாறிப் போகிற இடம் எதுவோ, அந்த இடத்தில் பகுத்தறிவாளனுக்கு வேலை இருக்கிறது. ஆகவே இந்த ஒற்றை வரிச் சாத்திரத்தை நாம் இந்தக் கிழமை சற்றே பிரித்துப் பார்க்க விரும்புகிறோம்.

எந்தச் சாத்திரமானாலும், அதன் வயதென்ன என்று கேட்பது நம் வழக்கம். தொன்றுதொட்டு வருவது என்பார்கள். தோண்டிப் பார்த்தால் நேற்று முளைத்ததாக இருக்கும். இதற்கும் அந்தக் கேள்வியையே போடுவோம்.

தெருவுக்கு ஒரு வீட்டில் மட்டும் தொலைபேசி இருந்த காலத்தை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். திருமண அழைப்பிதழிலும் கடைச் சீட்டிலும் எண்ணைப் போட்டு, அருகே 'பி.பி.' என்று இரண்டு எழுத்து அச்சிட்டிருப்பார்கள். பக்கத்து வீட்டாரின் தொலைபேசி என்பது அதன் பொருள். அழைப்பு வந்தால் அந்த வீட்டு அம்மையார் திண்ணைக்கு வந்து குரல் கொடுப்பார். ஆள் இருந்தால் வருவார். இல்லையென்றால், "வெளியே போயிருக்கிறார்" என்று சொல்லி வைத்துவிடுவார். அத்துடன் முடிந்தது. அழைத்தவர் அதை அவமதிப்பாக எண்ணியதில்லை. மனிதன் என்றால் வெளியே போகிறவன்தானே!

அவசரத்துக்கென்று தனி வழி இருந்தது. அது தந்தி. தந்திக்காரரின் சைக்கிள் தெருமுனையில் திரும்பியதுமே, தாளைப் பிரிக்குமுன் அழத் தொடங்கிய வீடுகள் உண்டு. அந்த வழி வந்தால் சாவு, அல்லது சாவுக்கு ஒப்பான செய்தி; மற்றவற்றுக்கு அஞ்சலட்டை. 2013 ஜூலையில் இந்திய நாட்டில் தந்தி நிறுத்தப்பட்டது. நிறுத்தப்பட்டது ஒரு சேவை மட்டும்தானா? அவசரமானது எது, ஆறப்போடத் தக்கது எது என்று பிரித்துக் காட்டிய வேலியும் அன்றோடு வீழ்ந்தது. இன்று சித்தப்பா இறந்த செய்தியும், ரோசாப்பூப் படம் போட்ட காலை வணக்கமும் ஒரே வாசல் வழியே, ஒரே 'டிங்' ஓசையோடு வந்து நிற்கின்றன. எல்லாமே அவசரத்தின் உடையை அணிந்து வருவதால் எதையும் ஒதுக்க முடியவில்லை என்கிறார்கள் மக்கள்.

கைப்பேசி வந்த பிறகாவது இந்த விதி பிறந்ததா என்றால், அதுவும் இல்லை. 1995 ஜூலை 31 அன்று, மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதிபாசு கல்கத்தாவிலிருந்து டில்லியிலிருந்த ஒன்றிய அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். இந்திய நாட்டின் முதல் கைப்பேசி உரையாடல் அது. அந்நாளில் நிமிடத்துக்கு 8 ரூபாய்க்கும் மேலே கட்டணம். அழைத்தவருக்கு மட்டுமா? எடுத்தவருக்கும்! 2003 மே திங்களில்தான் வருகிற அழைப்புக்குக் காசில்லை என்றாயிற்று. அதுவரையில் எடுக்காமலிருப்பது சிக்கனம். அதற்குப் பின்னும் என்ன நடந்தது? 'மிஸ்டு கால்' என்றொரு மொழியை ஏழை மக்கள் படைத்தார்கள். இரண்டு முறை மணி அடித்து நின்றால் ஊர் போய்ச் சேர்ந்தாயிற்று. ஒரு முறை அடித்து நின்றால், நான் வாசலில் நிற்கிறேன், வா. மூன்று முறை என்றால், காசில்லை, நீ கூப்பிடு. எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்களும் பிழையின்றிக் கையாண்ட மொழி! அந்த மொழியின் இலக்கணத்தில் எடுப்பவர்தான் குற்றவாளி. "ஏன் எடுத்தாய்? காசு போயிற்றே!" என்று ஏச்சு வாங்கியவர்களை நாம் அறிவோம்.

2016க்குப் பிறகே அழைப்புக்குத் தனிக்கட்டணம் என்பது மெல்ல மெல்ல மறைந்தது. ஆக, "கையிலிருந்தால் எடுத்தே தீர வேண்டும்" என்ற விதிக்கு வயது, தாராளமாகப் போட்டாலும், பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள். எடுத்ததற்கு ஏசிய அதே வாய் இன்று எடுக்காததற்கு ஏசுகிறது. கருவி அதேதான், காசுக் கணக்குத்தான் மாறியது. கணக்கு மாறியதும் கடமை பிறந்துவிட்டதாம்!

வயது தெரிந்தது. இனி, இந்த விதியால் யாருக்குப் பயன் என்பதைப் பார்க்க வேண்டும்.

மனுநீதிச் சோழன் கதையை எல்லோரும் அறிவோம். கன்றுக்காக மகனைத் தேர்க்காலில் இட்டது நீதியா, அது நடந்த வரலாறா நாட்டிய கதையா என்பதெல்லாம் வேறு வழக்கு. அதை இன்று எடுக்கவில்லை. நம் கண் அந்த ஆராய்ச்சி மணியின் மீது. மணி எங்கே தொங்கியது? அரண்மனை வாயிலில். கயிறு யார் கையில்? குறையுடைய குடிமகன் கையில். கதைப்படி, ஒரு பசுவுக்கும் அது எட்டிற்று. வலியவன் உறங்கினாலும், உண்டாலும், எளியவன் இழுத்தால் எழுந்து வரக் கடமைப்பட்டவன் என்ற கருத்து அந்தக் கதைக்குள் இருக்கிறது.

இன்று அந்த மணி எங்கே? எளியவனின் சட்டைப் பையிலே! கயிறு மட்டும் மாடிமேல் இருப்பவன் கையிலே! பன்னிரண்டாயிரம் சம்பளம் வாங்கும் கணக்கெழுத்தர், ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கப் போன இடத்தில் மணியடித்தால் ஓரமாய் ஒதுங்கி நின்று, "சொல்லுங்க சார்" என்கிறார். ஆனால் பட்டா மாறுதலுக்கு மனுக்கொடுத்த உழவர் அலுவலரை அழைத்தால்? அடிக்கும், அடிக்கும், அடித்துக்கொண்டே இருக்கும். மின்கம்பி அறுந்து கிடக்கிறதென்று அழைக்கும் எண்ணோ எப்போதும் வேறொருவரோடு பேசிக்கொண்டிருக்கும். இவர்களிடம் போய், "போன்தான் இருக்கிறதே, எடுத்தால் என்ன?" என்று கேட்கும் துணிவு நம்மில் எத்தனை பேருக்கு உண்டு? கேட்டுப் பாருங்கள். அந்த வரி மேலிருந்து கீழே மட்டும் பாயக் கூடியது என்பது விளங்கிவிடும். ஓர் அழைப்பை எடுக்காமல் விட்டுவிட்டு விளக்கம் சொல்லாமலிருக்க எவனால் முடிகிறதோ அவன் மேலோன். விளக்கம் சொல்லியாக வேண்டியவன் கீழோன். இந்நாட்டில் புதிதாக வந்திருக்கும் வருணப் பிரிவு இது.

அப்படியானால் யாரும் எந்த அழைப்புக்கும் கட்டுப்பட்டவர் இல்லையா? தீப்பற்றினால் தீயணைப்பாளர் வர வேண்டாமா? பிள்ளைப்பேற்றுக்கு மருத்துவர் வர வேண்டாமா? நல்ல கேள்வி. இதற்கு நாம் விடை தேடி வெகுதொலைவு போக வேண்டியிருக்கிறது. ஏனென்றால் அங்கேதான் இந்த வழக்கு நீதிமன்றம் ஏறியிருக்கிறது.

பிரான்சு நாட்டில் நோயாளர் ஊர்தி ஓட்டுகிற தொழிலாளி ஒருவர். வேலை நேரம் அல்லாத நேரத்தில், அவருடைய சொந்தக் கைப்பேசியில் முதலாளி அழைத்திருக்கிறார், ஆள் கிடைக்கவில்லை. பெருங்குற்றம் என்று சொல்லி வேலையிலிருந்து விலக்கிவிட்டார்கள். நோயாளர் ஊர்தியாயிற்றே, உயிர் காக்கும் தொழிலாயிற்றே, எடுக்க வேண்டாமா என்று நமக்கே கேட்கத் தோன்றும் வழக்கு. அந்நாட்டின் கசாசியோன் உச்ச நீதிமன்றம் 2004 பிப்ரவரி 17 அன்று தீர்ப்பளித்தது: வேலை நேரத்துக்கு வெளியே, சொந்தக் கைப்பேசியில் கிடைக்கவில்லை என்பது குற்றமே ஆகாது. ஓட்டுநர் அந்நேரம் என்ன செய்துகொண்டிருந்தார் என்று துருவிக்கொண்டிராமல் நீதிமன்றம் இதைச் சொன்னது என்பதை நாம் உற்று நோக்க வேண்டும். அவர் உண்டாரா, உறங்கினாரா, காதலித்தாரா? அது அவர் பாடு! ஓட்டுநர் குளித்துக்கொண்டிருந்ததாகப் பொய் சொல்ல வேண்டிய தேவை அங்கே ஒழிந்தது.

இதற்கு மறுபக்கமாக இன்னொரு வழக்கு. பெல்ஜியத்தில் நிவெல் என்னும் ஊரின் தீயணைப்பு வீரர் ஒருவர். முறை வரும் நாட்களில் அவர் வீட்டிலேயே இருக்கலாம். ஆனால் அழைப்பு வந்தால் 8 நிமிடங்களுக்குள் நிலையத்தில் நிற்க வேண்டும். வீட்டில்தானே இருக்கிறார், அதற்கென்ன என்றது நிர்வாகம். எட்டு நிமிடக் கயிற்றில் கட்டப்பட்டவன் எங்கே போக முடியும்? சந்தைக்குப் போக முடியுமா, ஆற்றங்கரைக்குப் போக முடியுமா? 2018 பிப்ரவரி 21 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், அந்தக் காத்திருப்பும் வேலை நேரமே என்று தீர்த்தது. கூலி எவ்வளவு என்பதை அந்தந்த நாட்டுச் சட்டம் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டது. போகட்டும், காத்திருப்பதற்கு 'வேலை' என்ற பெயராவது கிடைத்ததே!

இரண்டு வழக்கையும் சேர்த்துப் பார்த்தால் நாம் தேடிய விடை கிடைக்கிறது. கடமை இருக்கிறது, ஆனால் அது கைப்பேசியிலிருந்து பிறப்பதில்லை. ஏற்றுக்கொண்ட பொறுப்பிலிருந்து, எழுதப்பட்ட முறையிலிருந்து, அதற்குரிய ஊதியத்திலிருந்து பிறக்கிறது. தீயணைப்பு வீரரிடம் கைப்பேசியே இல்லாவிட்டாலும் அவர் வரக் கடமைப்பட்டவர். சங்கு ஊதி அழைத்துக்கொள்வார்கள். கணக்கெழுத்தரிடம் பத்துக் கைப்பேசி இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை அவருடையது. காலில் செருப்பிருக்கிறது என்பதற்காக ஒருவன் அழைத்தவர் வீட்டுக்கெல்லாம் நடந்தாக வேண்டுமா?

பிரான்சு 2016இல் சட்டமியற்றி, 2017 ஜனவரி முதல், 50 பேருக்குக் குறையாத நிறுவனங்கள் தொழிலாளர்களின் தொடர்பறுக்கும் உரிமைபற்றி அவர்களோடு பேசித் தீர்மானிக்க வேண்டும் என்றது. பேசு என்கிறதே தவிர, இத்தனை மணிக்குமேல் கூடாது என்று அது வரையறுக்கவில்லை. ஆகவே ஆகா ஓகோ என்று நாம் கொண்டாடத் தயாரில்லை. போர்ச்சுக்கல் 2021இல் செய்தது நமக்கு இன்னும் பிடித்திருக்கிறது. அங்கே, ஓய்வு நேரத்தில் தொழிலாளியை அழைக்காமலிருப்பது முதலாளியின் கடமை என்று எழுதினார்கள். எடுக்காமலிருக்க இவனுக்கு உரிமை என்று சொல்வதற்கும், அடிக்காமலிருப்பது அவனுக்குக் கடமை என்று சொல்வதற்கும் மலைக்கும் மடுவுக்குமான வேற்றுமை உண்டு. முன்னதில் மணி இவன் பையிலேயே இருக்கிறது. பின்னதில் கயிற்றைப் பிடித்த கையைச் சட்டம் தொடுகிறது. ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டு 26 முதல், வேலை நேரம் கடந்து வரும் அழைப்பைப் பாராமலும் பதில் கூறாமலும் இருக்கத் தொழிலாளிக்கு உரிமை. மறுப்பு நியாயமற்றதா என்று பார்க்கும்போது, எதற்காக அழைத்தார்கள், அதற்குத் தனி ஊதியம் உண்டா, இவருடைய பொறுப்பு எத்தகையது, வீட்டில் குழந்தை முதியோர் உண்டா என்பதெல்லாம் கணக்கில் வரும்.

நம் நாடாளுமன்றத்திலோ, சுப்ரியா சுலே 2018இல் தனி உறுப்பினர் மசோதாவாக இதைக் கொண்டுவந்தார். 2025 டிசம்பரில் மீண்டும் கொண்டுவந்தார். தனி உறுப்பினர் மசோதா எதுவும் 1970க்குப் பிறகு இரு அவைகளையும் கடந்து சட்டமானதில்லை என்பதை அறிந்தவர்கள், இதன் விதியையும் ஊகித்துக்கொள்ளலாம்.

இங்கே நாம் சற்று நின்று நம் முன்னோர் பட்ட பாட்டை எண்ணிப் பார்க்க வேண்டும். 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பெரம்பூர் ஆலைத் தொழிலாளரைக் கொண்டு எழுந்தது. 1923 மே முதல் நாள் சிங்காரவேலர் சென்னையில் மே தினம் கொண்டாடினார். இந்திய நாட்டில் அதுவே முதல். எட்டு மணி நேர வேலை என்பது அந்நாளையத் தொழிலாளிக்கு எட்டாக் கனி. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு கட்டி, மிகை நேரத்துக்கு இரட்டைக் கூலி என்றது. அந்த வரம்பைக் காவல் காத்தது எது தெரியுமா? ஆலைச் சங்கு! கோவையிலும் மதுரையிலும் ஆலை இருந்த ஊரெல்லாம் அந்தச் சங்கின் ஓசையைக் கேட்டு வளர்ந்தவை. அது கொடுமையான சங்குதான். விடியுமுன் எழுப்பி ஓட வைத்த சங்குதான். ஆயினும் ஒரு நேர்மை அதற்கு இருந்தது. வா என்று ஊதியது. போ என்றும் ஊதியது. இரண்டாவது முறை ஊதிய பின் தொழிலாளி தேநீர்க் கடையில் அமர்ந்து ஏடு படிக்கலாம், இரவுப் பள்ளிக்குப் போகலாம், சங்கக் கூட்டத்துக்குப் போகலாம். நம் படிப்பகங்கள் நிரம்பியது அந்த இரண்டாவது சங்குக்குப் பின்னேதான்.

கைப்பேசிக்கு அந்த இரண்டாவது சங்கு இல்லை. பகலெல்லாம் சென்னை அலுவலகத்தில் உழைத்த கணிப்பொறி இளைஞனுக்கு, நியூயார்க்கில் காலை பத்து மணி ஆகும்போது இங்கே மாலை ஏழரையோ எட்டரையோ. அப்போது தொடங்கும் இன்னொரு கூட்டம். அங்கன்வாடியில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் சகோதரியின் நிலை இன்னும் கொடிது. அவருக்குத் தரப்படுவது சம்பளங்கூட இல்லை, 'மதிப்பூதியம்'. ஆனால் 2021 முதல் எடை, உயரம், வருகை எல்லாவற்றையும் செயலியில் ஏற்றியாக வேண்டும். படம் அனுப்பு, பட்டியல் அனுப்பு என்று குழுவில் வரும் கட்டளைகளுக்கு இரவென்றும் பகலென்றும் இல்லை. உணவு கொண்டு செல்லும் தோழனுக்கோ, மணி அடித்த சில நொடிகளில் தொடாவிட்டால் அந்த வேலையே வேறொருவனுக்குப் போய்விடும். காத்திருந்த நேரத்துக்கு அவனுக்குக் கூலி இல்லை. நிவெல் ஊர்த் தீயணைப்பு வீரருக்காவது எட்டு நிமிடம் இருந்தது!

"இவ்வளவு புலம்புவானேன்? அணைத்து வைத்துவிட வேண்டியதுதானே!" என்று அறிவுரை கூறும் அன்பர்கள் இருக்கிறார்கள். மனத்தை அடக்கு, கைப்பேசி நோன்பு கொள், வாரம் ஒரு நாள் மௌனவிரதம் இரு என்று புத்தகம் எழுதுகிறவர்களும் உண்டு. நோன்பு! நம் நாட்டில் எந்தக் கேட்டுக்கும் இறுதியில் நோன்புதான் மருந்தாக வந்து நிற்கிறது. பசித்தவனிடம் போய் உண்ணா நோன்பின் பெருமை பேசுவதைப் போன்றதே இதுவும். அணைத்து வைக்கக் கூடியவன், அணைத்தாலும் சோறு குறையாதவன். வாடகை வண்டி ஓட்டுபவரும், குழாய் பழுதுபார்ப்பவரும், சமையல் ஒப்பந்தக்காரரும் அணைத்து வைத்தால் அன்றைய வருவாய் அடுத்தவருக்கு. தனி ஆளின் ஒழுக்கமாக இதைக் குறுக்குவது, கயிற்றைப் பிடித்திருப்பவனை வழக்கிலிருந்தே விடுவிப்பதாகும். ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் 2011இல் ஜெர்மனியில் செய்த ஏற்பாட்டைப் பாருங்கள்: வேலை முடிந்து அரை மணி நேரம் கழிந்ததும், மறுநாள் வேலைக்கு அரை மணி முன்வரை, தொழிலாளர் கைப்பேசிகளுக்கு அஞ்சல் செல்லாதபடி கணிப்பொறியையே நிறுத்தி வைத்தார்கள். தொழிலாளர் மன்றம் கேட்டது, நிறுத்தினார்கள். யாரும் நோன்பிருக்கவில்லை.

அலுவலகத்தை இவ்வளவு சாடினோம். வீட்டை விட்டுவிடலாமா? வீட்டுக்குள் நடப்பதுதான் நம் நெஞ்சை அதிகம் உறுத்துகிறது.

மகன் எடுக்கவில்லை என்றால், "தூங்கியிருப்பான்" என்கிறார்கள். மகள் எடுக்கவில்லை என்றால், "எங்கே போனாள்?" என்கிறார்கள். ஒரே வீடு, ஒரே பெற்றோர், ஒரே விலையில் வாங்கிய இரண்டு கைப்பேசிகள்! விடுதியில் தங்கிப் படிக்கும் பெண்ணை இரவில் அழைத்து, "படத்தில் காட்டு, அறையைக் காட்டு, பக்கத்தில் யார் என்று காட்டு" என்று கேட்கிற அண்ணன்மார்கள் உண்டு. அவர்களில் சிலர் நம் கூட்டங்களில் பெண்ணுரிமை பேசுகிறவர்கள் என்பதையும் மறைப்பதற்கில்லை. பாதுகாப்புக்காக வாங்கிக் கொடுத்தோம் என்பார்கள். முன்பு பெண்ணைக் காக்க வாயிற்படி ஒன்று இருந்தது. அதைத் தாண்டினால் போதும், வெளி உலகம். இப்போது அந்த வாயிற்படியையே கையில் கொடுத்து அனுப்புகிறார்கள்! பேருந்தில், நூலகத்தில், வேலைக்கூடத்தில், எங்கே போனாலும் அவள் அந்தப் படிக்குள்ளேயே நிற்கிறாள்.

படித்துவிட்டாயா இல்லையா என்று வேவு சொல்ல நீலக்குறி வேறு! 2014 நவம்பரில் வாட்ஸ்அப் அதைக் கொண்டுவந்தது. முணுமுணுப்பு எழவே, வேண்டாதவர் மறைத்துக்கொள்ள வழியும் செய்தது. ஆனால் மறைத்துக்கொண்டால் பிறர் படித்ததை நீ பார்க்க முடியாது. குழுக்களில் மறைக்கவே முடியாது. "பார்த்துவிட்டாய், ஆனால் பதில் இல்லை" என்று தொடங்கி மணமுறிவு வரையில் போன சண்டைகளை வழக்கறிஞர் தோழர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். பார்ப்பது ஒரு வினை, பதில் சொல்வது வேறொரு வினை. இடையில் சிந்திப்பது என்று மூன்றாவது ஒன்று இருக்கிறதே, அதற்கு எந்த நிறத்தில் குறி?

அன்பிருந்தால் எடுக்க மாட்டார்களா என்று கேட்பவர்கள், நம் இலக்கியத்தில் உள்ள நட்புக்கு என்ன சொல்வார்கள்? கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் ஒருவரை ஒருவர் கண்டதில்லை. ஆள் விட்டு நாள்தோறும் நலம் கேட்டுக்கொண்டதாகவும் இல்லை. சோழன் வடக்கிருந்தபோது, ஆந்தையாருக்கும் ஓர் இடம் ஒதுக்குங்கள் என்றான். பாண்டி நாட்டிலிருந்து அவர் எங்கே வரப்போகிறார் என்று சுற்றியிருந்தவர்கள் ஐயுற்றார்கள். வந்தார். பாரதிதாசன் இதை நாடகமாக எழுதினார். 1969இல் சாகித்திய அகாதெமி அதற்குப் பரிசளித்தது. பரிசு பெற்ற கதையைப் போற்றுகிறோம். நண்பன் இரண்டு மணி நேரம் பதில் போடவில்லை என்றால் நட்பையே ஐயுறுகிறோம்! இன்னொரு காட்சியும் புறநானூற்றில் உண்டு. வழிநடந்து களைத்த மோசிகீரனார், முரசு நீராடப் போயிருந்த வேளையில், முரசு கட்டில் என்றறியாமல் அதிலேயே படுத்து உறங்கிவிட்டார். அதில் படுத்தவரை வாளால் வெட்டுவது வழக்கு. சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை வந்து பார்த்தான். வெட்டவில்லை, அது மட்டுமா, எழுப்பவும் இல்லை! கவரி எடுத்து வீசினான். கொல்லாது விட்டதைப் போற்றுவோர் பலர். எழுப்பாது விட்டதைப் போற்றியவர் மிகச் சிலர் என்றே நமக்குத் தோன்றுகிறது. பிறர் உறக்கம் தன் ஆணைக்கு உட்பட்டதன்று என்று ஓர் அரசனுக்குத் தெரிந்திருந்தது. நம் மேலாளர்களுக்கும் மாமனார்களுக்கும் தெரியவில்லை.

இவ்வளவும் எழுதிவிட்டு நம் வீட்டுக் குப்பையை மறைத்தால் அது நேர்மையாகாது. நம் தோழர்களின் குழுக்களில் நடப்பது என்ன? இரவு பதினொன்றரைக்கு மறுநாள் துண்டறிக்கை பற்றிய ஓர் ஐயம். பன்னிரண்டுக்கு அதற்கொரு மறுப்பு. காலை ஐந்தரைக்கு, "நேற்றிரவு கேட்டேனே, ஒருவரும் பதில் சொல்லவில்லையே, இதுதான் கொள்கைப் பற்றா?" என்று ஒரு சாட்டை. பகலெல்லாம் பட்டறையில் சம்மட்டி பிடித்தவன் அந்த நேரத்தில் உறங்காமல் வேறென்ன செய்வான்? முதலாளி கேட்டால் சுரண்டல், நாம் கேட்டால் தொண்டா?

நம் படிப்பகத்தில் சென்ற திங்கள் இதுபற்றி இரண்டு மணி நேரம் பேசினோம். இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை குழுவில் எதையும் இடுவதில்லை. விபத்து, கைது, சாவு என்றால் நேரே அழைப்பது, மூன்று முறை தொடர்ந்து அழைத்தால் அவசரம் என்று பொருள். எடுக்காத தோழரை மறுநாள் ஏனென்று கேட்பதில்லை. இவ்வளவுதான் முடிவு. முன்மொழிந்தவர் ஒரு பெண் தோழர். இதே விதியை வீட்டிலும் வைக்கலாமா என்று அவர் கேட்டபோது, ஆண் தோழர்களில் பாதிப்பேர் தரையைப் பார்த்தார்கள். அந்தப் பகுதி அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது.

விதி நடைமுறைக்கு வந்த மூன்றாம் நாள் இரவு, ஒன்பதே முக்காலுக்கு ஒரு செய்தி குழுவில் விழுந்தது. "தோழர்கள் அனைவரும் விதியைக் கடைப்பிடிக்க வேண்டுகிறோம்" என்று செயலாளர் எழுதியிருந்தார். காலை ஆறு மணி வரை ஒருவரும் பதில் போடவில்லை.